கிதார் செய்பவர் ஊருக்கு வருகிறார்

இசைக்கருவிகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அவற்றை வாசித்தவர்களின் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். எந்தக் கலைஞர் எந்த மேடையில் எந்தக் கருவியை வாசித்தார் என்பதற்கு நூல்கள் உண்டு. கருவியைச் செய்தவர்களைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரு சாராரும் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்ட இடங்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம். அமெரிக்கக் கிதார்த் தொழிலில் அப்படிப்பட்ட ஓர் இடம் உண்டு. கிதார் செய்யும் நிறுவனத்தார் தம் கருவிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார்கள். உள்ளூர்க் கடை ஒன்றில் ஒரு மாலைப்பொழுதில் அவற்றை வாசித்துக் காட்டி விளக்கம் சொல்கிறார்கள். பிறகு வந்திருப்பவர்களின் கையிலேயே கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவின் டெய்லர் நிறுவனம் ‘ரோட் ஷோ’ என்ற பெயரில் இந்நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில் நடத்திய நிகழ்ச்சிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை.

இதை விற்பனை உத்தி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். விற்பனை உத்திதான், ஐயமில்லை. ஆனால் எதைக் கேட்பது, எதை அழகென்று கொள்வது என்பதையும் அந்த அறை நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. அங்கே உருவாகும் ரசனை, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தொடர்பை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

பட்டறையிலிருந்து சாலைக்கு

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் மார்க்நொய்கிர்ஷன் என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்பதே வழக்கு. அது தங்களுக்கு மட்டுமே உரியது என்று வயலின் செய்வோரின் சங்கம் வாதிட்டது. மேசை, அலமாரி செய்யும் தச்சர்களின் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களும் கிதார் செய்துவந்தன. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின். 1833இல் அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து கடை வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் என்ற சிற்றூருக்குப் போய்விட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நியூயார்க்கில் கடை வைத்திருந்தவரை, வாசிப்பவர் படியேறி வந்து கருவியைத் தொட்டுப் பார்த்து வாங்கினார். நாசரேத்துக்குப் போனபின் செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே தொலைவு வந்துவிட்டது. அதன்பின் வந்த தயாரிப்பாளர்கள் எல்லாருமே இந்தத் தொலைவைக் கடக்க ஏதேனும் ஒரு வழியைத் தேட வேண்டியிருந்தது.

மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரில் 1902இல் தொடங்கப்பட்ட கிப்சன் நிறுவனம் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. கடைகளை மட்டும் நம்பாமல், ஊர் ஊராக இருந்த இசை ஆசிரியர்களைத் தன் முகவர்களாக்கிக்கொண்டது. ஆசிரியர் மாணவர்களுக்கு மேண்டலின் சொல்லிக்கொடுப்பார். கருவியையும் அவரே தவணை முறையில் விற்பார். மாணவர்களைச் சேர்த்து மேண்டலின் குழு ஒன்றையும் அமைப்பார். குழு ஊர் மண்டபத்தில் கச்சேரி செய்யும்போது கேட்பவர்கள் அடுத்த மாணவர்களாவார்கள். பாடமும் கச்சேரியும் விற்பனையும் ஒன்றிலொன்று பின்னிக் கிடந்தன. 1922இல் வெளிவந்த புகழ்பெற்ற எல்-5 கிதாரோடும் எஃப்-5 மேண்டலினோடும் பெயர் இணைந்திருக்கும் லாயிட் லோர், கிப்சன் கருவிகளை மேடைகளில் வாசித்துவந்த கலைஞர். வாசிப்பவரே வடிவமைப்பாளராக நிறுவனத்துக்குள் போன அரிய நிகழ்வு அது. 1924ஆம் ஆண்டின் முடிவில் அவர் விலகிவிட்டார்.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அங்கே ஹவாய்த் தீவின் அரங்கில் கலைஞர்கள் உகுலேலேயும், எஃகுத் துண்டை நரம்பின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் கிதாரும் வாசித்தார்கள். கேட்டுத் திரும்பிய மக்கள் அக்கருவிகளைத் தேடத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் திட்டமிட்டு நடத்திய செயல்விளக்கம் அல்ல அது. எனினும், கண்ணெதிரே வாசித்துக் காட்டுவதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைத் தொழில்துறை அப்போது கண்டுகொண்டது.

லியோ பெண்டரின் கதை இதற்கு மறுபக்கம். கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்த்துவந்தவர் அவர். மின் கிதாரின் வரலாற்றையே மாற்றிய அம்மனிதருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆகவே செய்த மாதிரிகளை அப்பகுதியில் வாசித்துவந்த கலைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்தினார். பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படித்தான் உருக்கொண்டது. லோர் வாசித்துக் காட்டியவர் என்றால், பெண்டர் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர். செய்பவர் பயணம் போவதில் இவ்விரண்டும் அடங்கியிருக்கின்றன.

1974இல் கலிபோர்னியாவின் லெமன் குரோவ் என்ற ஊரில், ‘அமெரிக்கன் டிரீம்’ என்ற சிறு கிதார்ப் பட்டறையை மூன்று இளைஞர்கள் விலைக்கு வாங்கினார்கள். பாப் டெய்லர், கர்ட் லிஸ்டக், ஸ்டீவ் ஷெம்மர் என்பவர்கள் அவர்கள். பாப் டெய்லருக்கு அப்போது வயது 19. செய்த கிதார்களை விற்க ஆளில்லாத நிலையில், லிஸ்டக் அவற்றைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனார். பெட்டியைத் திறந்து காட்டி, வாசிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டாக விற்றார். பிற்காலத்து ‘ரோட் ஷோ’வின் விதை அந்தப் பயணங்களில் இருக்கிறது எனலாம்.

அந்த மாலையில் நடப்பது

முதன்முறையாக இத்தகைய நிகழ்ச்சிக்குச் செல்பவர் காணும் காட்சி ஏறக்குறைய இப்படி அமையும். வழக்கமான வணிக நேரம் முடிந்த கடை. நடுவே நாற்காலிகள். முன்னால் தாங்கிகளில் வரிசையாக நிற்கும் கிதார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் பேசுவார். தேர்ந்த கலைஞர் ஒருவர் வாசிப்பார். சில வேளைகளில் இருவரும் ஒருவரே.

முதலில் வடிவம். பெரிய உடல், சிறிய உடல், இடை ஒடுங்கிய உடல் என்று எடுத்துக்காட்டி, பாட்டுக்குத் துணையாக வாசிப்பவருக்கு எது பொருந்தும், விரல்களால் மீட்டுபவருக்கு எது பொருந்தும் என்று சொல்வார். தன் 20ஆம் ஆண்டு நிறைவில், 1994இல், டெய்லர் அறிமுகப்படுத்திய ‘கிராண்ட் ஆடிட்டோரியம்’ வடிவம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. பிறகு உள்ளே ஒட்டப்படும் தாங்கு சட்டங்கள். நரம்பின் இழுவிசையை மேற்பலகை தாங்கவும் வேண்டும், தாராளமாக அதிரவும் வேண்டும். சட்டங்களைப் பெருக்கல் குறிபோல அமைக்கும் முறை 1840களில் மார்ட்டினின் கிதார்களில் தோன்றி, எஃகு நரம்புக் கிதாரின் பொதுவழக்காயிற்று. அதற்கு மாற்றாக 2018இல் டெய்லர் நிறுவனத்தின் ஆண்டி பவர்ஸ், ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற அமைப்பைக் கொண்டுவந்தார்.

மாலையின் மையம் அதன்பின் வருவது. ஒரே வடிவம், ஒரே வகை மேற்பலகை, ஆனால் பின்பலகையும் பக்கங்களும் வெவ்வேறு மரங்கள். ஒரே இசைத்துணுக்கைக் கலைஞர் ஒவ்வொன்றிலும் வாசிக்கிறார். ரோஸ்வுட்டில் அடித்தொனியின் ஆழத்தையும் மேல்தொனியின் மினுமினுப்பையும் கவனிக்கச் சொல்கிறார்கள். மஹோகனியில் நடுத்தொனியின் வெதுவெதுப்பு. மேப்பிளில் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் தெளிவு. கேட்டிருப்பவர்கள் தலையசைக்கிறார்கள். இதுவரை வெறும் ‘கிதார் ஒலி’யாக இருந்தது மூன்று ஒலிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒலிக்குச் சொற்கள் கிடைத்ததும் காது கூர்மை பெறுகிறது. கவிதையை நல்ல விமர்சகர் ஒருவர் வாசித்துக் காட்டியபின் நாம் மீண்டும் படிக்கும்போது நேர்வது போன்றதுதான் இது.

பேச்சு முடிந்ததும் கிதார்கள் கைமாறுகின்றன. விலையைக் கேட்கவே தயங்கும் கருவியை, வாங்கும் எண்ணமே இல்லாதவரும் மடியில் வைத்து மீட்டிப் பார்க்கலாம்.

காது கேட்டதா, கண் கேட்டதா?

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். மரங்களுக்கிடையே நாம் கேட்ட வேறுபாட்டில் எவ்வளவு மரத்தினுடையது, எவ்வளவு சொற்களுடையது?

இன்றைய ஸ்பானியக் கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோரெஸ். பின்பலகையையும் பக்கங்களையும் அட்டையால் செய்த கிதார் ஒன்றை அவர் 1862இல் உருவாக்கினார். மேற்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் மரம். கிதாரின் குரல் முதன்மையாக மேற்பலகையில் இருக்கிறது என்று அவர் கொண்டிருந்த கருத்துக்கு அது சான்றாக நிற்கிறது. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம்.

பாப் டெய்லரும் இதே கேள்வியைத் தம் வழியில் எழுப்பியவர்தான். 1995இல், தொழிற்சாலையில் சரக்கு அடுக்கப் பயன்பட்டுக் கழித்துப் போடப்பட்ட ஓக் பலகைகளைக் கொண்டு ஒரு கிதாரின் பின்பலகையையும் பக்கங்களையும் செய்தார். மேற்பலகைக்கு, வீடு கட்டப் பயன்படும் சாதாரண மரச்சட்டம். ஆணி அடித்த துளைகளை மறைக்காமல் அலுமினிய வட்டுகளால் நிரப்பினார். விரற்பலகையில் சரக்குத் தூக்கும் வண்டியின் உருவத்தைப் பதித்தார். அவ்வாண்டின் இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்தக் கிதார் நன்றாகவே ஒலித்தது. அரிய மரத்தைவிடச் செய்பவரின் கைத்திறனே பெரிது என்று அவர் சொல்ல விரும்பினார். மரங்களை வரிசைப்படுத்தி ஒலியை விளக்கும் நிகழ்ச்சிகளை நடத்தியதும் அதே நிறுவனம்தான். இந்த முரண் கவனிக்கத்தக்கது.

2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்கே உட்படுத்தினார்கள். பில்டே நிறுவனத்தின் ரோஜர் பக்னால் ஆறு கிதார்களைச் செய்து கொடுத்தார். பின்பலகை, பக்க மரங்கள் தவிர மற்றெல்லாம் ஒன்றே. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் ஆகியவை அந்த ஆறு மரங்கள். கிதார் வாசிக்கும் 52 பேர் மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்போர் அணியும் கருங்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றை வாசித்து மதிப்பிட்டார்கள். ஒலித்தர மதிப்பீட்டில் ஆறு கிதார்களும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றன. விலை மிகுந்த பிரேசில் ரோஸ்வுட், விலை குறைந்த மரங்களை வென்றுவிடவில்லை.

இதனால் அந்த மாலை நிகழ்ச்சி பொய் என்று ஆகிவிடாது. ஒரு கிதாருக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு உண்டு. வடிவத்திலும் சட்டங்களிலும் மேற்பலகையிலும் வாசிப்பவரின் விரலிலும் அது இருக்கிறது. ஆனால் விளக்கொளியில் மரத்தின் வரிகளைப் பார்த்துக்கொண்டே, அதன் பெயரைக் கேட்டுக்கொண்டே நாம் கேட்கிறோம். கண்ணும் சொல்லும் காதோடு சேர்ந்து வேலை செய்கின்றன. கேட்பது என்ற செயலே இப்படிப்பட்டதுதான் என்றால், நம் காதுக்கு ஊட்டப்படும் கதை எது என்பது முக்கியமாகிவிடுகிறது.

ஈட்டியும் கருங்காலியும்

அந்தக் கதை வெகுகாலம் அரிய மரத்தின் கதையாகவே இருந்தது. பிரேசில் ரோஸ்வுட்தான் உயர்ந்தது என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. பிரேசில் அம்மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததும், 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992இல் பிரேசில் மரம் சர்வதேச வணிகத்திலிருந்தே ஏறத்தாழ விலக்கப்பட்டது. அமெரிக்கக் கடையில் பேச்சாளர் ‘இண்டியன் ரோஸ்வுட்’ என்று சொல்லும் மரம் நமக்கு அந்நியமானதன்று. நீலகிரியிலும் வயநாட்டிலும் ஈட்டி என்றும், தமிழில் தோதகத்தி என்றும் நாம் அழைக்கும் மரமே அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும், காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாகவும் வளர்ந்து, அறுக்கப்பட்டு, மெல்லிய பலகைகளாகக் கடல் கடந்து அந்த மேடையில் நிற்கிறது. 2017இன் தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது.

கருங்காலியின் கதை இதைவிடக் கூர்மையானது. கிதாரின் விரற்பலகைக்கும் பாலத்துக்கும் ஆப்பிரிக்கக் கருங்காலி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அது முழுக் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 2008இல் அமெரிக்கா தன் பழைய லேசி சட்டத்தைத் திருத்தி, சட்டத்துக்குப் புறம்பாக வெட்டிய மரத்தை இறக்குமதி செய்வதையும் குற்றமாக்கியது. மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாக கிப்சன் நிறுவனத்தில் 2009இல் சோதனை நடந்தது. 2012இல் 3,00,000 டாலர் அபராதம் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தது. மரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இனிக் கிதார் செய்ய இயலாது என்ற நிலை பிறந்தது.

2011இல் டெய்லர் நிறுவனம், ஸ்பெயினின் மாடின்டர் என்ற மர வணிக நிறுவனத்தோடு சேர்ந்து, கேமரூன் நாட்டின் யாவுண்டே நகரில் இருந்த கிரெலிகாம் என்ற மர ஆலையை வாங்கியது. ஆலைக்கு மரம் கொண்டுவருபவர்களிடம் பேசியபோது பாப் டெய்லருக்கு ஒரு செய்தி தெரியவந்தது. கருங்காலி மரத்தின் உட்பகுதி கறுப்பா, பழுப்பு வரிகள் ஓடியதா என்பது வெளியிலிருந்து தெரியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வெட்டும் மரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் முழுக் கறுப்பு. வரியோடிய மரத்துக்கு விலை மிகக் குறைவு. காட்டுக்குள்ளிருந்து அதைச் சுமந்து வரும் கூலிக்குக்கூடக் கட்டாது. ஆகவே ஒன்பது மரங்களைக் காட்டிலேயே போட்டுவிட்டு, பத்தாவதை மட்டும் எடுத்து வந்தார்கள்.

வரிகள் இருப்பதால் அந்த மரத்தின் உறுதி குறைவதில்லை. அதில் விரற்பலகை செய்ய எந்தத் தடையும் இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பு பிடித்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காகவே அந்த ஒன்பது மரங்களும் மட்கின. அதற்குக் காரணமானவர் காட்டில் கோடரி பிடித்தவர் அல்லர். பளபளக்கும் கடையில் கிதாரைத் திருப்பிப் பார்த்து, “இதில் பழுப்புக் கோடு இருக்கிறதே” என்று கீழே வைத்தவர்தான்.

இதன்பின் வரியோடிய மரத்துக்கும் கறுப்பு மரத்துக்கும் ஒரே விலை கொடுப்பது என்று ஆலை முடிவெடுத்தது. விலையுயர்ந்த கிதார்களிலும் வரியோடிய கருங்காலியைப் பயன்படுத்துவது என்றும் நிறுவனம் தீர்மானித்தது. 2012இல் பாப் டெய்லர் ஒரு காணொளியில் இவற்றையெல்லாம் வாங்குவோரிடம் நேரடியாகச் சொன்னார். இந்த ஆலையின் பணிக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை 2014இன் தொடக்கத்தில் விருது வழங்கியது. இம்முடிவால் நிறுவனத்துக்கும் இலாபம் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆலையை வாங்கியவருக்கு அதன் மரம் முழுவதும் விலைபோவது நல்லதுதான். ஆனால் காட்டில் விழும் மரங்களின் எண்ணிக்கை குறைவதற்கும் அதே முடிவே வழி.

ரசனையைச் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. பலகையைக் கையில் எடுத்து, பழுப்பு வரியை விரலால் தொட்டு, அதன்மேல் ஒரு நல்ல கலைஞர் வாசிப்பதைக் கேட்டு, அது எங்கிருந்து எப்படி வந்தது என்பதைச் செய்பவர் தரப்பிலிருந்தே அறியும்போதுதான் பழைய அளவுகோல் தளர்கிறது. செய்பவர் பயணப்பட்டு வரும் மாலையின் பெரும்பயன் அங்கே இருக்கிறது. ‘இந்த மரம் அரியது, ஆகவே இனியது’ என்று நூறாண்டுகளாக நம் காதுக்குச் சொல்லிவந்த அதே மேடை, ‘இந்த வரி குறையன்று’ என்றும் சொல்ல முடியும்.

2016இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய காங்கோ படுகை ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து, கேமரூன் கிராமத்தினரைக் கொண்டு கருங்காலிக் கன்றுகளையும் பழமரக் கன்றுகளையும் நடும் பணி தொடங்கியது. பழமரம் நட்டவருக்கே சில ஆண்டுகளில் பயன் தரும். கருங்காலியின் பயனை அவருடைய பேரர்களோ அவர்களின் மக்களோதான் காண்பார்கள். இப்பணியோடு ஒட்டி நடந்த ஆய்வு 2025இல் வெளியாயிற்று. கருங்காலி விதை காட்டில் பரவுவது பெரிதும் யானையால் என்று அது காட்டியது. பழத்தை யானை தின்கிறது. சாணத்தோடு வெளிவரும் விதையை எலி, அணில் போன்ற கொறிப்பன அவ்வளவாகத் தின்பதில்லை. தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்ட காடுகளில் கருங்காலிக் கன்றுகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

ஆகவே, இத்தகைய நிகழ்ச்சிக்கு முதன்முறையாகப் போகிறவர் இரண்டு காரியங்கள் செய்யலாம். மரங்களை ஒப்பிட்டு வாசிக்கும்போது சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு, பெயர் தெரியாமல் கேட்டுப் பார்க்கலாம். பேச்சு முடிந்து கேள்வி கேட்க அழைக்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன், இந்த விரற்பலகை எந்தக் காட்டிலிருந்து வந்தது, அதோடு வெட்டப்பட்ட மற்ற மரங்கள் என்னவாயின என்று கேட்கலாம். பதில் தெரிந்தவர் முன்னால் நிற்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.